ஏழு நிமிஷமும் ஒரு அம்பு ஸ்டிக்கரும்

"அக்கா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

ஆடி முடித்து, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது நிவேதா மிஸ் இப்படிக் கேட்டார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் யாரும் அதற்கப்புறம் நல்லதாக எதையும் சொன்னதில்லை. இருந்தாலும், "கேளுங்க மிஸ்" என்றேன்.

நிவேதா மிஸ் எனக்குப் பரதநாட்டியம் சொல்லித் தருகிறவர். அவருக்கு வயது இருபத்தாறு. எனக்கு அப்போது நாற்பத்தொன்று. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மிஸ் என்பேன், கூட ஆடும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னை ஆன்ட்டி என்பார்கள். எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. நாங்கள் மேலே குதித்தால் கீழே அண்டாவும் குண்டானும் கூடவே தாளம் போடும்.

மிஸ் தன் போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். எந்த ஊர்ப் பெண்ணோ, மயிலாக ஆடிக்கொண்டிருந்தாள். நான் இப்போதுதான் ஆடி முடித்த அதே மயில். தோகை விரிப்பதும் அதே, கழுத்தை மூன்று தடவை வெட்டுவதும் அதே, கடைசியில் ஒரு சுற்றுச் சுற்றி முருகன் காலில் உட்காருவதும் அதே.

"நாலாவது நிமிஷத்துல ஒருக்காத் தும்முனீங்க இல்லீங்களா, அது மட்டுந்தான் உங்களோடது. மிச்சமெல்லாம் இந்தப் புள்ளயோடதுங்க" என்றார் மிஸ்.

கண்ணாடி ஓரம் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

ஏனென்றால் அது விளையாட்டு இல்லை. நாலு வருஷ டிப்ளமோவின் கடைசிப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் ஒரு தனி நடனத்தைத் தானே அமைத்து, ஏழு நிமிஷம் ஆடிக் காட்ட வேண்டும். முந்தின வருஷம் நான் கொண்டுபோன கிருஷ்ணனும் இப்படித்தான் வேறு யாருடைய கிருஷ்ணனாகவோ இருந்ததால் என் பெயர் பரீட்சைக்குப் போகவில்லை. இந்தத் தடவையும் போகாவிட்டால் சலங்கையை எடுத்துப் பரணில் போட்டுவிடுகிறேன் என்று வீட்டில் வீராப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். என் வலது முழங்கால் அதையே கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டரை மாசம் இருக்குதுங்க்கா. உங்களோடதா ஒண்ணு கொண்டாங்க. சின்னதா இருந்தாலும் போச்சாதுங்க, பரவால்ல. இல்லீன்னா இந்த வருசமும் நான் பேரு அனுப்ப மாட்டேனுங்க."

இருபத்தாறு வயசுக்கு அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு கறார்.

நீயே ஆடிக்கம்மா

போன வாரம் இந்தத் தொடரில் என் மாமியாரின் கிரைண்டரைப் பற்றி எழுதியிருந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாவை நானேதான் ஆட்டிக்கொள்கிறேன். ஆகையால் இந்த வாரம் யாரையும் வம்புக்கு இழுக்காமல் என்னையே இழுக்கிறேன்.

நான் ஆட வந்ததே ஒரு விபத்து. என் மகள் இனியாவைத்தான் சேர்த்துவிட்டேன். மூன்றே மாசம். "அரைமண்டி உக்காந்தா தொடை கடுக்குது. உனக்கு அவ்ளோ ஆசைன்னா நீயே ஆடிக்கம்மா" என்று சொல்லிவிட்டு இறகுப்பந்து விளையாடப் போய்விட்டாள்.

அந்த மூன்று மாசமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் சுவர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சுக்கு அடியில் என் கால் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. அடுத்த ஞாயிறு தனியாகப் போய் நின்றேன்.

"இன்னொரு பொண்ணச் சேத்துக்குவீங்களா மிஸ்?"

"சேத்துக்கலாங்க. என்ன வயசுங்க?"

"முப்பத்தாறுங்க. பொண்ணு நாந்தானுங்க."

என் வீட்டுக்காரர் வேலுச்சாமி பனியனில் படம் அச்சடிக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "ஏம்புள்ள, ஆடு, வேண்டாங்கல. கீழ குடியிருக்கறவங்ககிட்ட மட்டும் முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிப்போடு" என்றார். அவருடைய சம்மதம் எப்போதும் இந்த ரகம்தான்.

நான் பிறந்தது சோமனூரில், விசைத்தறிக்காரர் வீட்டில். தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்ததால்தான் எனக்குள் தாளம் வந்தது என்று இந்த இடத்தில் எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். தறிச் சத்தத்தில் எனக்குத் தலைவலிதான் வந்தது.

சாம்பிள் குடுங்க மிஸ்

என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பனியன் ஊர் அப்படி. இங்கே ஒரு சட்டை பிறக்க வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஒரு சாம்பிள் இருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்குகிற பையர் அதைப் பார்த்து, அளந்து, சரி என்று கையெழுத்துப் போட்டு ஒரு அட்டையைக் கட்டி அனுப்புவார். அதைச் சாமி படம் போலத் தையல் லைனுக்கு மேலே தொங்கவிடுவோம். அதற்கப்புறம் ஆயிரக்கணக்கில் ஓடுகிற அத்தனை பீஸும் அதைப் போலவே இருக்க வேண்டும். நூல் அளவு மாறினாலும் ரிஜெக்ட்.

குழந்தைகள் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் நான் செக்கிங் இன்சார்ஜ். அந்த மாறுதலைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. குறை இருக்கிற இடத்தைக் காட்ட ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும்; எடுக்க வசதியாகக் கொஞ்சத்தைக் கை மேலேயே ஒட்டி வைத்திருப்போம். பத்தொன்பது வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு பிசிறு நூலுக்காக ஒரு கட்டு முழுவதையும் அவிழ்த்துத் திருப்பி அனுப்பியவள் என்று எனக்கு லைனில் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதனால் அடுத்த ஞாயிறு மிஸ்ஸிடம் நியாயமாகத்தான் கேட்டேன்.

"மிஸ், நீங்க ஒரே ஒருக்கா ஒரு சாம்பிள் ஆடிக் காட்டீருங்க. அப்பறம் பாருங்க, அச்சு மாறாமப் பண்ணீர்றேன்."

மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அச்சு மாறோணும்ங்கறதுதானுங்க்கா பரீட்சையே!"

அப்புறம் கொஞ்சம் இரக்கப்பட்டு, "தெனமும் உங்க கண்ணு முன்னாடி என்னங்க இருக்குது?" என்று கேட்டார்.

"துணிதானுங்க."

"அப்ப அதையே ஆடுங்க."

துணியைப் போய் யாராவது ஆடுவார்களா? எனக்கு மனசே ஒப்பவில்லை. தலைமுறை தலைமுறையாக முருகனைக் கும்பிடுகிற குடும்பம். அவர் இருக்கும்போது பனியனை ஆடினால் என்ன நினைப்பார்? "அவருக்கு ஆடறதுக்கு நெறையப் பேரு இருக்காங்க. பனியனுக்குத்தான் ஆளில்ல" என்றார் மிஸ்.

ஒரு நோட்டு வாங்கினேன். இடது பக்கம் அசைவு, வலது பக்கம் குறை என்று கோடு போட்டேன். காலையில் மொட்டை மாடியில் ஏறி ஒரு அசைவு செய்வேன். முடிப்பதற்குள் வலது பக்கம் எழுதத் தொடங்கிவிடுவேன். முழங்கை தாழ்ந்திருக்கிறது. பார்வை கையோடு போகவில்லை. இது அந்த வீடியோவில் வந்த மாதிரியே இருக்கிறது. அடித்துவிட்டு அடுத்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் வலது பக்கம் பன்னிரண்டு தாள் நிரம்பியிருந்தது. இடது பக்கம் மிஞ்சியது எட்டே எட்டு எண்ணிக்கை. அதிலும் முதல் நாலு சும்மா நிற்பது.

வீட்டுக்காரர் காபி டம்ளரோடு மாடிக்கு வந்து அந்த எட்டையும் பார்த்தார். "ஏம்புள்ள, இந்த வேகத்துல போனா உன்ற டான்ஸு பார்சலாகறதுக்குள்ள சீசனே முடிஞ்சு போகும் போல இருக்குதே" என்றார்.

"எல்லாத்துக்கும் உங்களுக்கு நக்கல்தானுங்க."

"நக்கல் இல்ல புள்ள. சாம்பிள் பாக்காமத்தான நீ என்னையக் கட்டிக்கிட்ட? நல்லாத்தான ஓடுது?"

நல்லாத்தான் ஓடுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கையில் கிடக்கிற துணி

எங்கள் கம்பெனியில் ஜெயராணி என்று ஒரு சாம்பிள் டெய்லர். நாசரேத் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் மெஷினில்தான் இருப்பாள். பையர் அனுப்புகிற படத்தைப் பார்த்து உலகத்திலேயே முதல் பீஸைத் தைப்பது அவள் வேலை. இத்தனை வருஷம் அவள் தைத்ததைப் பார்த்துப் பார்த்துக் குறை சொன்னேனே தவிர, அவள் எதைப் பார்த்துத் தைக்கிறாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஜெயா, மொதப் பீஸு எப்புடித் தைக்கற? பாத்துத் தைக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காதே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னக்கா, வேல ஏதும் மாறப் போறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். சோற்றுக் கையோடு ஒரு நிமிஷம் சிரித்துவிட்டு, மெஷினுக்குப் பின்னால் இருந்து ஒரு குட்டிக் கவுனை எடுத்துப் போட்டாள். முன்பக்கம் ஊதா, பின்பக்கம் பச்சை, கைகள் கோடு போட்ட துணி. பார்க்கச் சகிக்கவில்லை.

"இது வெள்ளக் கவுனு ஆர்டருக்குக்கா. வெள்ளத் துணி வர இன்னும் இருவது நாளாகும். அதுவரைக்கும் சும்மாவா இருப்பேன்? கையில கெடக்குத துணியில தச்சிருவேன். பையருக்கும் தெரியும். உருவத்த மட்டுந்தான் பாக்காவ."

"தப்பு வந்தா?"

"வரத்தான் செய்யும். மொதப் பீஸுல்லா? உருவம்னு ஒண்ணு வந்த பெறவுதானக்கா திருத்த முடியும். வெறும் காத்துல நீங்க எங்க ஸ்டிக்கர் ஒட்டுவீங்க?"

சொல்லிவிட்டு மீன் குழம்பைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். மூன்று வாரமாக நான் செய்துகொண்டிருந்தது அதேதான். வெறும் காற்றுக்குப் பன்னிரண்டு தாள் ஸ்டிக்கர்.

மேஜையில் பதினாலு பேர்

மறுநாள் நோட்டைக் கீழேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். கையில் கிடக்கிற துணி என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அரைமண்டியில் நெடுநேரம் உட்கார முழங்கால் விடாது. மயில் மாதிரி கழுத்தும் கிடையாது. மிச்சம் இருந்தது கைகள்தான்.

அந்தக் கைகளுக்கு என்னைக் கேட்காமலே ஒரு வேலை தெரியும். இடது கை சட்டையின் அடியில் நுழைந்து கழுத்து வரை போய் விரல்களை விரிக்கும். உடம்பு விளக்குப் பக்கம் திரும்பும், துணியில் ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். வலது கை கழுத்தைச் சுற்றும், தோளைத் தடவும், கை, ஓரம், உள்பக்கம், ஒரு உதறல். அதை ஆதி தாளத்தில் வைத்தேன். இரண்டு ஆவர்த்தனத்தில், அதாவது பதினாறு எண்ணிக்கையில், ஒரு பீஸ் முடிந்தது. அடுத்ததில் வேகம் கூட்டினேன். காலும் தானாகச் சேர்ந்துகொண்டது. அன்று காலை மட்டும் நாலு நிமிஷம் வந்தது! கீழே போய் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். அவர் நிலநடுக்கம் என்று நினைத்து எழுந்தார்.

மீதி மூன்று நிமிஷத்துக்குக் கதை வேண்டும் என்றார் மிஸ். கதை என்னிடம் இருந்தது. இனியாவுக்கு இரண்டு வயது இருக்கும்போது நடந்தது. அப்போது நான் சாதாரண செக்கர். இளமஞ்சள் நிறத்தில், நெஞ்சில் ஒரு சின்ன யானை போட்ட குழந்தைச் சட்டை ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று, இடது கை குட்டையாக வந்துவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட்டில் போட்டேன். ஷிப்மெண்ட் போனதும் ரிஜெக்ட் பீஸ்களை லேபிளை வெட்டிவிட்டு எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அந்தச் சட்டையை இனியாவுக்குப் போட்டேன். யாரோ முகம் தெரியாத குழந்தைக்குப் போக வேண்டியது, ஒரு குறையினால் என் குழந்தைக்கு வந்தது. மிஸ்ஸுக்குக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

எங்கள் செக்கிங் பெண்களிடம் ஆடிக் காட்டினால் என்ன என்று ஒரு ஆசை. பதினாலு பேர். ஒரு மதியம், பேக்கிங் அட்டைப்பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு, யூனிஃபார்ம் கோட்டோடேயே ஆடினேன். முடித்ததும் கைதட்டல் எதிர்பார்த்தேன்.

யாரும் தட்டவில்லை. பரமேஸ்வரி என்று ஒருத்தி, நான் எத்தனையோ தடவை திட்டியவள், மெதுவாக எழுந்து வந்தாள். தன் கை மேலிருந்து ஒரு அம்பு ஸ்டிக்கரை உரித்து என் வலது தோளில் ஒட்டினாள்.

"ஏனுங்க்கா, கழுத்தப் பாக்காமயே கைக்குப் போயிட்டீங்க. நாங்க போனா உடுவீங்களா?"

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. உள்பக்கம் திருப்பவில்லை என்று ஒன்று முதுகில். ஓரத்தை ஒரு பக்கம்தான் பார்த்தேன் என்று ஒன்று இடுப்பில். உதறும்போது சிரித்தேனாம், வேலையில் சிரிக்கக்கூடாதாம், அது கன்னத்தில். பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்து வட்டியோடு கொடுத்தார்கள். மொத்தம் பதினோரு ஸ்டிக்கர். அத்தனையும் நியாயமான ஸ்டிக்கர், அதுதான் கொடுமை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக உரித்து, ஒவ்வொன்றையும் நடனத்தில் திருத்தினேன்.

மூஞ்சி மட்டும் பொய் சொல்லுது

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. என் பெயரும் பரீட்சைக்குப் போய்விட்டது. மிஸ் தாளம் தட்டும் தட்டுக்கழியை வைத்துக்கொண்டு முழுசாக ஒரு தடவை பார்த்தார். நான் முடித்ததும் கழியைக் கீழே வைத்தார்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்க்கா. ஆனா ஒரே ஒரு எடம். கை குட்டையா இருக்குதுன்னு கண்டுபிடிக்கறீங்க பாருங்க, அங்க உங்க மூஞ்சி பொய் சொல்லுது."

"பொய்யுங்களா?"

"ஆமாங்க. மத்த எல்லா எடத்துலயும் நெசமாவே சட்டையப் பாக்கறீங்க. அங்க மட்டும் நடிக்கறீங்க."

வேகமாகப் பண்ணுகிறேன், மெதுவாகப் பண்ணுகிறேன், புருவத்தை உயர்த்துகிறேன் என்று ஏதேதோ செய்து பார்த்தேன். மிஸ் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அந்த இடத்தில் என்ன பொய் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாத விஷயம் அது. அந்தப் பிள்ளை எப்படித்தான் மூஞ்சியைப் பார்த்தே பிடித்ததோ!

பரீட்சை

விசேஷம் இல்லாத நாள் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். வெளியூரிலிருந்து இரண்டு தேர்வாளர்கள், சாமந்திப்பூ வைத்த மேஜைக்குப் பின்னால். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் நாற்காலிகளில். ஒப்பனை அறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர்கள் அம்மா தலை பின்னிக்கொண்டிருக்க, எனக்கு ஜெயராணி பின்னிவிட்டாள்.

"பயமா இருக்குது ஜெயா."

"மொதப் பீஸுதானக்கா. போயி உருவத்தக் காட்டிட்டு வாங்க."

மேடையேறிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் வீட்டுக்காரர், வேட்டி சட்டையில், யாருக்கோ நிச்சயதார்த்தம் போல. பக்கத்தில் பரமேஸ்வரியும் இன்னும் இரண்டு செக்கிங் பெண்களும். வரவே மாட்டேன் என்று சொன்ன இனியா கடைசி வரிசையில், கழுத்தில் ஹெட்போனோடு.

தட்டுக்கழியின் முதல் தட்டு விழுந்தது. முதல் நாலு நிமிஷம் கைகளே பார்த்துக்கொண்டன. கழுத்து, தோள், கை, ஓரம், உள்பக்கம். பரமேஸ்வரி தலையை லேசாக ஆட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது மேடையிலிருந்தே தெரிந்தது.

அப்புறம் அபிநயத்தில் அந்த மஞ்சள் சட்டை வந்தது. விரித்தேன். வலது கையை அளந்தேன். இடது கையை அளந்தேன். இப்போது முகத்தில் "அடடா, குட்டை" என்று காட்ட வேண்டும்.

காட்டவில்லை. மறுபடியும் அளந்தேன். இரண்டும் சரியாக இருந்தது. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தச் சட்டையில் ஒரு குறையும் இல்லை, அவ்வளவு அழகான சட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு வேண்டியிருந்தது, என் பிள்ளைக்கு. கடையில் போய் வாங்க முடியாதது, இந்த ஊரில் தைத்து இந்த ஊரில் விற்காதது.

சட்டையை நெஞ்சோடு வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் பார்த்தேன், சூப்பர்வைசர் இல்லை. வலது பக்கம் பார்த்தேன். மெதுவாக என் கை மேலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்தேன். நல்ல சட்டையின் நல்ல கையில், குறையே இல்லாத இடத்தில், ஒட்டினேன்.

தட்டுக்கழி ஒரு நொடி தயங்கியது. அமைத்தபடி இது இல்லை என்று மிஸ்ஸுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. எனக்காக இன்னொரு ஆவர்த்தனம் நீட்டினார். கூட்டத்தில் முதலில் சிரித்தது பரமேஸ்வரி. அப்புறம் மண்டபமே சிரித்தது. நான் அந்தச் சிரிப்புக்கு நடுவில் சட்டையை ஒளித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். குனிந்து, ஒரு குழந்தையின் தலை வழியாக அதைப் போட்டேன். ஒரு கையை நுழைத்தேன், இன்னொரு கையை நுழைத்தேன். யானையைத் தட்டிக் கொடுத்தேன். அழக்கூடாது என்று இருந்தேன், அழுதுவிட்டேன். ஏழு நிமிஷம் எட்டாகிவிட்டது.

கீழே இறங்கியதும் மிஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இப்ப மூஞ்சி பொய் சொல்லலீங்க்கா" என்றார். அப்புறம், "தும்மலும் இல்ல" என்றார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனால் செக்கிங் மேஜையில் ஒரே அமைதி. பதினாலு பேரும் தலை நிமிரவில்லை. என் நாற்காலியின் முதுகில் ஒரே ஒரு அம்பு ஸ்டிக்கர், குறை இங்கேதான் என்று உட்காரும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதிலேயே உட்கார்ந்தேன். அன்று ஒரு கட்டுத் துணியையும் திருப்பி அனுப்பவில்லை. மறுநாளிலிருந்து பழையபடி அனுப்பினேன், அது வேறு.

அந்தச் சட்டை

டிப்ளமோ கிடைத்தது. நேரம் கூடியதற்கு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். அது நியாயம்தான்.

பரீட்சை அன்று சாயங்காலமே இனியா பீரோவைக் கலைத்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது தரையில் துணிக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த மஞ்சள் சட்டை. என் அளவு டேப்பை எடுத்து இரண்டு கையையும் அளந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டும் கரெக்டா இருக்கும்மா."

"ஆமா கண்ணு."

"அப்ப நெசமாலுமே பொய் ஸ்டிக்கரா? நீயா?" அவளுக்கு நம்பவே முடியவில்லை. "எனக்கு டிபன் கட்டற சப்பாத்தியிலயே ஓரம் சரியில்லன்னா திருப்பிப் போடுவியே!"

"ஒரே ஒருக்காத்தான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இன்னைக்குத்தான் தெரியும். ஊரோட சேந்து."

அவள் தன் விரலைச் சட்டையின் கைக்குள் விட்டுப் பார்த்தாள். மூன்று விரல்தான் போனது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். இறகுப்பந்து மட்டை பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். சட்டையைத் திருப்பினாள், உள்பக்கம் பார்த்தாள், விளக்குக்கு நேரே பிடித்தாள். இதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

"அம்மா, தோள்ல மூணு பட்டன் இருக்கணும். ஒண்ணு இல்ல."

"அது நீ கடிச்சுப் பிச்சுப் போட்டது. கழுத்த இழுத்து இழுத்துக் கடிச்சுட்டே இருப்ப."

அந்தச் சட்டையில் குறை என்று சொன்னால் அது ஒன்றுதான். அதற்கு நான் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.